வீடியோவை யாரும் பார்க்கவில்லை. வரலாற்று வகுப்பை இனி என்ன செய்வது?

கேள்வி: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு பயிற்சி முகாமில் தலைகீழ் வகுப்பறை பற்றிச் சொன்னார்கள். பாடத்தைப் பிள்ளைகள் வீட்டிலேயே வீடியோவாகப் பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் கலந்துரையாடல், செயல்பாடு. ஆசையோடு ஆரம்பித்தேன். ராத்திரி உட்கார்ந்து இருபது நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாதிப் பேர் பார்ப்பதில்லை. போன் அப்பாவிடம் இருக்கிறது, டேட்டா தீர்ந்துவிட்டது என்கிறார்கள். வேறு வழியில்லாமல் அதே பாடத்தை வகுப்பிலும் நடத்துகிறேன். பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும், "போனில் பார்த்தது மனசில் நிற்கலை, நீங்களே சொல்லிடுங்க டீச்சர்" என்கிறார்கள். போர்ஷன் பின்தங்குகிறது என்று எச்.எம். கவலைப்படுகிறார். இதை விட்டுவிடலாமா? வரலாற்றுக்கு இந்த முறை ஒத்துவராதா?

— ஒரு பட்டதாரி ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். முறையை விடவேண்டாம், வீடியோவை விட்டுவிடுங்கள். என் பதில் அவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்களைப் போல ஆசையோடு ஆரம்பித்து, மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போய் பழையபடி கரும்பலகைக்குத் திரும்பிய ஆசிரியர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான்.

இந்த முறை பிரபலமானது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து. ஜோனத்தன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள் 2007 வாக்கில் தங்கள் பாடங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். விளையாட்டுப் போட்டிக்கும் தூரப் பயணத்துக்கும் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத்தான் முதலில் எடுத்தார்கள். அப்புறம்தான், எல்லோருமே வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் வகுப்பு நேரம் முழுக்க நமக்கு மிச்சமாகுமே என்று தோன்றியது. கவனியுங்கள், அவர்கள் இருவரும் வேதியியல் ஆசிரியர்கள். வகுப்பில் மிச்சமான நேரத்தில் என்ன செய்வது என்ற குழப்பம் அவர்களுக்கு வரவே இல்லை. செய்வதற்குக் கணக்கு இருந்தது, சோதனை இருந்தது.

வரலாற்று ஆசிரியருக்கு அந்த இடம் காலியாக நிற்கிறது. பாடத்தைப் பிள்ளை வீட்டிலேயே தெரிந்துகொண்டு வந்துவிட்டால் வகுப்பில் எதைச் செய்வது? கலந்துரையாடல் என்று பயிற்சியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எதைப் பற்றி, எதை வைத்துக்கொண்டு கலந்துரையாடுவது என்று சொல்வதில்லை. கையில் ஒன்றும் இல்லாததால்தான் நாம் மறுபடி பாடம் நடத்துகிறோம். மறுநாள் டீச்சர் அதையே சொல்லப் போகிறார் என்று தெரிந்த பிறகு, அப்பா வேலை முடிந்து வரும்வரை போனுக்காகக் காத்திருந்து எந்தப் பிள்ளை வீடியோ பார்க்கும்? உங்கள் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஆகவே வீட்டுப் பகுதியைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். முதலில் வகுப்புப் பகுதியைக் கட்டுங்கள். வேதியியலில் கணக்கு எதுவோ, அதற்கு இணையாக வரலாற்றில் இருப்பது சான்றும் அதன்மேல் எழும் வழக்கும்தான். நடந்தது என்ன என்பதை வாசித்தே தெரிந்துகொள்ளலாம். ஏன் நடந்தது, அதை எப்படி நம்புவது, யார் சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்ற கேள்விகளுக்குத்தான் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும், கூட வாதாட நாலு பேர் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், வரலாற்று அறிஞர்களும் பள்ளி மாணவர்களும் ஒரே ஆவணத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தவர். அறிஞர்களின் கண் முதலில் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதில் போகிறது. மாணவர்கள் முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரிவரை நேராகப் படித்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்பிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றுவது வீடியோவால் ஆகிற காரியம் இல்லை.

பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகத் தமிழகத்தில் நடந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பற்றிய பாடத்தில் 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சி வருகிறது, வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தது. நாம் வழக்கமாக எப்படி நடத்துகிறோம்? காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள், ஐந்து மதிப்பெண். புதிய தலைப்பாகை, சமயக் குறி போடத் தடை, தாடி மீசைக்குக் கட்டுப்பாடு, ஜூலை 10 விடியற்காலை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய கில்லெஸ்பி, பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார், முடிந்தது.

இதற்குள்ளேயே ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. சிப்பாய்கள் எழுந்தது தலைப்பாகைக்காகவா, மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகளுக்காகவா? இந்தக் கேள்வியை நாம் கற்பனையாக உண்டாக்க வேண்டியதில்லை, கம்பெனியே அப்போது இதை விசாரித்தது. ராணுவச் சீருடை ஆணைதான் காரணம் என்றால் பழி சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், படைத்தளபதி ஜான் கிரடாக் ஆகியோர் தலையில் விழும். வேலூர்க் கோட்டையில் குடிவைக்கப்பட்டிருந்த திப்பு குடும்பத்தின் சதி என்றால் அதிகாரிகள் தப்பலாம். அப்படியானால் இதில் யார் என்ன சொன்னாலும், அவர் யார் என்று முதலில் பார்த்தாக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். கண்ணாடி உடைந்தால் யார் யாரைக் கைகாட்டுவார்கள் என்று தெரிந்தவர்கள்தானே அவர்கள்.

நான்கு சிறிய சீட்டுகள் தயார் செய்யுங்கள். எல்லாம் ஒரே ஏ-4 தாளில் அடங்கிவிடும். முதல் சீட்டில் 1806 சீருடை ஆணையின் சாரம்: அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணியவேண்டும். இரண்டாவதில் திப்புவின் குடும்பம்: 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவர்கள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டது, கிளர்ச்சியன்று கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏறியது, மூத்த மகன் ஃபதே ஹைதரைச் சிப்பாய்கள் தலைமை ஏற்க அழைத்தது. மூன்றாவதில் சிப்பாயின் அன்றாடம்: குறைந்த சம்பளம், சுபேதாருக்கு மேல் ஏற வழியில்லாத பதவி உயர்வு, புதிய தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கிடைத்த கசையடி. நான்காவதில் பிறகு நடந்தது: தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது, திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள், பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

நான்காவது சீட்டுதான் வகுப்பையே தூக்கி நிறுத்தும். கம்பெனி இரண்டையுமே செய்திருக்கிறது, பாருங்கள். ஆணையையும் ரத்து செய்தது, இளவரசர்களையும் அப்புறப்படுத்தியது. அப்படியென்றால் எது காரணம் என்று கம்பெனி நம்பியது? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஒரு பையன் எழுந்து, "தலைப்பாகைதான் டீச்சர், சந்தேகமே இல்லை" என்பான். "சரி, அப்ப புலிக்கொடி எதுக்கு ஏத்தினாங்க?" என்று கேட்டால் போதும். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெண், "கோபம் தலைப்பாகைமேல, ஆனா கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு ராஜா வேணுமில்ல?" என்று சொல்லக்கூடும். சொல்லிவிட்டால் அன்றைக்கு உங்கள் பாடம் நடந்துவிட்டது. உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்று கைடில் தலைப்பு போட்டு மனப்பாடம் பண்ணுகிறார்களே, அதை அந்தப் பெண் தானாகவே பிரித்துவிட்டாள்.

கசையடி விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்ததற்காக ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கொடுக்கப்பட்ட தண்டனை ஆளுக்கு 900 கசையடி என்று ஒரு பக்கமும் 90 என்று இன்னொரு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் ஒரு பூஜ்யம் காணாமல் போயிருக்கிறது. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். "900 அடி அடிச்சா ஆள் செத்துருவான், அதனால 90தான்" என்று முதலில் சொல்வார்கள். அந்தக் காலத்து ராணுவ நீதிமன்றங்கள் நூற்றுக்கணக்கில் கசையடி விதிப்பது வழக்கம்தான் என்று நீங்கள் சொன்னால் மறுபடி யோசிப்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர், "அந்த கோர்ட்டோட பேப்பர் எங்கயாவது இருக்குமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டால், மூல ஆவணம் என்றால் என்ன என்று தனியாக நடத்த வேண்டியதே இல்லை.

இப்போது வீட்டுப் பகுதிக்கு வருகிறேன். வகுப்பில் இந்த வழக்கை நடத்த, பிள்ளை என்ன தெரிந்துகொண்டு வரவேண்டும்? பாடநூலில் வேலூர் பற்றி இருக்கும் பகுதி, அவ்வளவுதான். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. அதோடு கையெழுத்தில் இரண்டு கேள்வி. ஜூலை 10க்கு முன் நடந்தவற்றில் சிப்பாய்களைக் கோபப்படுத்தியவை என்று நீ நினைக்கும் மூன்று எவை? படித்ததில் உனக்குப் புரியாத ஒன்று எது? பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். மதிப்பெண் வேண்டாம். வகுப்புக்குள் நுழைந்ததும் வாங்கி, புரியாததாக எழுதிய நாலைந்தை நீங்கள் வாய்விட்டுப் படித்து, அதை மட்டும் ஐந்து நிமிடம் விளக்குங்கள். தாங்கள் எழுதியதை டீச்சர் பார்க்கிறார் என்று தெரிந்தால் அடுத்த முறை சீட்டுகள் கூடும்.

வீடு என்று சொல்கிறோமே தவிர, அது வீட்டில்தான் நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாயங்காலம் தண்ணீர் பிடித்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, அடுப்படியில் அம்மாவுக்கு உதவிவிட்டுப் புத்தகத்தை எடுக்கும் பெண் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு இந்த முறை இன்னொரு சுமையாகிவிடக்கூடாது. முந்தின நாள் பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்தையே வாசிப்புக்குக் கொடுத்துவிடுங்கள். காலைப் படிப்பு நேரம், நூலக வேளை, ஆசிரியர் வராத வகுப்பு இவையும் இருக்கின்றன. அப்படியும் படிக்காமல் வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைத் திட்டவேண்டாம், அவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தவும் வேண்டாம். இந்த இரண்டாவதுதான் கஷ்டம், மனசு கேட்காது. ஆனால் நீங்கள் இதில் உறுதியாக நிற்கவில்லை என்றால் மற்ற எல்லாம் வீண். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஏழெட்டு நிமிடம் படித்துவிட்டு வந்து குழுவில் சேர்ந்துகொள்ளட்டும். மற்றவர்கள் சுவாரசியமாகச் சண்டை போடும்போது தான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து படிப்பது எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது.

வீடியோ கூடவே கூடாது என்று சொல்லவில்லை. பாடநூலிலேயே கியூஆர் கோடு இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் இருக்கின்றன. பார்க்க முடிந்தவர்கள் பார்க்கட்டும். அதற்காக நீங்கள் ராத்திரி விழித்து இருபது நிமிட வீடியோ எடுக்கவேண்டாம். அந்த நேரத்தில் நாலு சீட்டு எழுதலாம், அடுத்த வருடமும் உதவும்.

நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் குழு வேலை சந்தைக்கடை ஆகிவிடுமே என்று கேட்பீர்கள். பெஞ்சுகளை நகர்த்தாதீர்கள், அதிலேயே பத்து நிமிடம் போய்விடும். ஒரு பெஞ்சுக்கு ஒரு செட் சீட்டு. பன்னிரண்டு ஜெராக்ஸ் இருந்தால் போதும். ஆரம்பத்திலேயே ஒரு வாக்கெடுப்பு வையுங்கள்: தலைப்பாகை என்பவர்கள் கை தூக்குங்கள், திப்பு குடும்பம் என்பவர்கள் கை தூக்குங்கள். எண்ணிக்கையைப் பலகை ஓரத்தில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தன் பக்கத்தை நிரூபிக்கச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து மறுபடி வாக்கெடுப்பு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் பெரிய வகுப்புகளுக்காகக் கொண்டுவந்த முறை இது. நம்மூர்ப் பெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. மனம் மாறிய ஒருவரை எழுப்பி, எந்தச் சீட்டு உன்னை மாற்றியது என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சமயக் குறி, தாடி, தலைப்பாகை என்று பேச ஆரம்பித்தால் பேச்சு இன்றைய அரசியலுக்கும் தெருவுக்கும் நொடியில் போய்விடும். பிள்ளைகளைப் பேசவிடவேண்டும்தான், ஆனால் ஒருவர் மனம் புண்படும்படி வகுப்பு போய்விடக்கூடாது. "இது எந்தச் சீட்டில் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியை வழக்கமாக்கிவிடுங்கள். சீட்டில் ஆதாரம் காட்ட முடியாத பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், எல்லாப் பாடத்தையும் இப்படித் தலைகீழாகப் புரட்ட வேண்டாம். முதல் உலகப்போரைப் பிள்ளைகளே படித்துவிட்டு வரட்டும் என்று விட்டால் ஆஸ்திரிய இளவரசர், செர்பியா, கூட்டணிகள் என்று முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டிவிடும். அங்கே நீங்கள் எதிரே நின்று கதையாகச் சொல்லவேண்டும். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் துப்பாக்கி வெடித்தது. மூன்று மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானிய எம்டன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கதையை ஒரு நல்ல டீச்சர் சொல்வது போல் எந்த வீடியோவும் சொல்லாது. உங்கள் பிள்ளைகள் "நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்டதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாயால் கேட்க அவர்களுக்குப் பிடிக்கிறது. அதை இழக்கவேண்டாம்.

புரட்டத் தோதான பாடம் எது என்று பார்க்க எளிய வழி: அதில் இரண்டு பேர் நியாயமாக மாறுபட முடியுமா? முடியும் என்றால் எடுங்கள். சோழர் காலம் வரும்போது, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. முப்பது குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள், குடத்தில் ஓலை, சின்னப் பையன் எடுக்கிற சீட்டு. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது என்பது வரை விதிகள். இதெல்லாம் நமக்குப் பெருமைதான், பெருமையாகவே சொல்லுங்கள். கூடவே தகுதி விதியையும் சீட்டில் போடுங்கள்: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி. பிறகு, "இந்த ஊரில் உங்கள் வீட்டிலிருந்து யார் பெயர் குடத்துக்குள் போயிருக்கும்?" என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. குடவோலை மக்களாட்சியா என்ற கேள்விக்கு அதற்கப்புறம் வரும் பதில்களில் யோசனை இருக்கும்.

எச்.எம்.முக்கு என்ன சொல்வது? அவருடைய கவலை நியாயமானது, பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஒவ்வொரு பாடத்தையும் மாற்றப்போகிறேன் என்று சொல்லாதீர்கள். இந்தப் பருவத்தில் ஒரு பாடம், இரண்டு பீரியடு. முதல் பீரியடு வழக்கு. இரண்டாவதில் முதல் இருபது நிமிடம் காலக்கோடும் வரைபடமும். வேலூர் எங்கே, ஆற்காடு எங்கே, நடுவில் சுமார் 25 கிலோமீட்டரைக் குதிரைப்படை எவ்வளவு நேரத்தில் கடந்திருக்கும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். விடியுமுன் கைக்கு வந்த கோட்டை அன்று காலையிலேயே எப்படிப் போனது என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். மீதி நேரத்தில் தனித்தனியாக, பேசாமல், புத்தகத்தை மூடிவைத்து ஐந்து மதிப்பெண் விடையை எழுதச் சொல்லுங்கள். வாதாடியதை எழுத்தாக்கும் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நம் பிள்ளைகள் வாயால் அருமையாகச் சொல்லிவிட்டுத் தாளில் இரண்டு வரியோடு நின்றுவிடுவார்கள். அந்த விடைத்தாள்களை, வழக்கமான முறையில் நடத்திய வேறொரு பாடத்தின் ஸ்லிப் டெஸ்ட் தாள்களோடு சேர்த்து எச்.எம். மேஜையில் வையுங்கள். மதிப்பெண் எகிறிவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். முதல் முறை கொஞ்சம் குறையவும் கூடும். ஆனால் விடைகள் எல்லாம் ஒரே கைடிலிருந்து இறங்கியவை மாதிரி இருக்காது. நாற்பத்தைந்து தாளைத் திருத்தும் உங்களுக்கு அது முதல் பத்துத் தாளிலேயே தெரியும்.

வேலூர்ப் பாடத்தை நடத்தி முடித்ததும் பிள்ளைகள் எழுதிய துண்டுச்சீட்டுகளில் சிலவற்றை, பெயரை மறைத்து, எனக்கு அனுப்புங்கள். குறிப்பாக, புரியவில்லை என்று எழுதியவை. அடுத்த பாடத்துக்கு எந்தக் கேள்வியை எடுக்கலாம் என்று அதிலிருந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.